ரேகை படுத்து ஓடணும்: ஒரு பழைய இழைப்புளிக்குக் கைப்பிடி செஞ்ச கதை

போன வருஷம் மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, விடிஞ்சும் விடியாததுமா நியூ மில்ஃபோர்ட் சந்தைக்குப் போயிட்டேன். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும், ரூட் 7 ஓரமா ஒரு பெரிய புல்வெளி, எலிஃபன்ட்ஸ் ட்ரங்க்னு பேரு, ஞாயித்துக்கிழமை ஆனா அங்க பழைய சாமான் விக்கறவங்க வரிசையா கடை போட்டுருவாங்க. சீக்கிரம் போனாத்தான் நல்ல தச்சு ஆயுதம் கிடைக்கும். ஒரு தாத்தா தன்னோட பிக்கப் வண்டிக்குப் பின்னாடி பால் கிரேட்ல ரம்பம், சுத்தியல், துளை போடற பிட்டுன்னு குமிச்சு வச்சிருந்தார். அடில கைய விட்டுத் துழாவினா சில்லுனு இரும்பு தட்டுப்பட்டுச்சு. இழுத்து எடுத்தா 14 இன்ச் நீளத்துல ஒரு இழைப்புளி, பலகையைச் சீவி வழவழப்பாக்கற கருவி. மேல கீழ எல்லாம் துரு. கைப்பிடி ரெண்டா பிளந்து யாரோ கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தாங்க, அந்த டேப்பும் பிசுபிசுன்னு உருகிப் போயிருந்துச்சு. 20 டாலர் சொன்னார், நான் பேரம் பேசல.

கார்ல உக்காந்து துணியால முன்பக்கம் துடைச்சேன். பெய்லினு எழுத்து தெரிஞ்சுது. பிளேடைத் தூக்கிட்டு உள்ள பாத்தா, வார்ப்புலயே மூணு தேதி பதிஞ்சிருக்கு: மார்ச் 25 02, ஆகஸ்ட் 19 02, ஏப்ரல் 19 10. எல்லாம் பேடன்ட் தேதி. முன்னாடி இருக்கற குமிழ் குட்டையா, காளான் மாதிரி. மூணு தேதியும் குட்டைக் குமிழும் சேந்து இருந்தா அது ஸ்டான்லி கம்பெனி 1910-லேருந்து 1918 வரைக்கும் செஞ்ச இழைப்புளி, அதுக்கப்புறம் 1920 வாக்குல குமிழை உயரமா மாத்திட்டாங்க. அப்ப என் மடில கிடக்கற சாமானுக்கு நூறு வயசு தாண்டிருச்சு. இது பிறந்த ஊரு நியூ பிரிட்டன், நான் கார் நிறுத்தியிருந்த இடத்துலேருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊருக்கு ஹார்டுவேர் சிட்டினே பேரு. பூட்டு, கீல், ஸ்கேல், மட்டப்பலகைன்னு அமெரிக்காவுல வீடு கட்டத் தேவையான எல்லாத்தையும் வார்த்து, கடைஞ்சு அனுப்பின ஊர்.

இதோட பின்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால கொஞ்சம் சொல்லிடறேன். லியோனார்ட் பெய்லினு ஒருத்தர், பாஸ்டன் பக்கம் பட்டறை வச்சிருந்தவர், 1850-கள்லயும் 60-கள்லயும் இழைப்புளியையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் மரக்கட்டை இழைப்புளிதான், பிளேடை ஆப்பு வச்சு இறுக்கி, சுத்தியலால தட்டித் தட்டி ஆழம் சரி பண்ணணும். பெய்லி என்ன பண்ணார்னா, பின்னாடி ஒரு பித்தளைச் சக்கரம் வச்சார், அதை விரலால உருட்டினா பிளேடு மயிரிழை மயிரிழையா இறங்கும், ஏறும். கைய எடுக்காமலே மாத்திக்கலாம். 1869-ல ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி அவரோட தொழிலை வாங்கிட்டாங்க. சில வருஷத்துல அவருக்கும் கம்பெனிக்கும் ஒத்துவராமப் போயி அவர் பிரிஞ்சு போய்ட்டார். ஆனா அவர் பேரு மட்டும் இன்னைக்கும் அந்த இரும்புல வார்த்து வருது.

எனக்கு ஏன் இதுல இவ்ளோ ஈடுபாடுன்னு வீட்டுல கேப்பாங்க. எங்க பெரியப்பா தச்சு வேலை பாத்தவர், திருநெல்வேலி ஜில்லாவுல எங்க ஊர்ச் சுத்துவட்டாரத்துல பாதி வீட்டு நிலையும் கதவும் அவர் கைபட்டது. வேப்பமரத்தடில அவர் இழைக்கும்போது நாங்க பிள்ளைங்க கீழ விழுற சுருளைப் பொறுக்கி கைல வளையலா மாட்டிக்குவோம், தேக்குச் சுருளுக்கு ஒரு வாசம் உண்டு, தோல் மாதிரி எண்ணெய் மாதிரி, அதை மறக்கவே முடியாது. அவர்கிட்ட இருந்தது மரக்கட்டை இழைப்புளி. ஆப்பை கொட்டாப்புளியால ஒரு தட்டு, கண்ணு ஒன்ன மூடிக்கிட்டு அடிப்பக்கத்தைப் பாப்பார், இன்னொரு தட்டு, அவ்ளோதான். இந்த இரும்பு இழைப்புளியை நான் முதல்ல கைல பிடிச்சப்ப பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு, இன்னைக்கும் ஒவ்வொரு தடவையும் வருது.

சரி, வேலைக்கு வரேன். இரும்பு வேலையை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா அதைப் பத்தி எல்லாரும் எழுதறாங்க, கைப்பிடியைப் பத்தித்தான் யாரும் நிறுத்தி நிதானமா சொல்ல மாட்டேங்கறாங்க.

முதல்ல எல்லா ஸ்க்ரூ தலைலயும் துரு இளக்குற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுடணும். பித்தளை நட்டு பள்ளத்துக்குச் சரியா பொருந்துற திருப்புளியா இல்லேன்னா தொடவே தொடாதீங்க, பித்தளை மெத்து, ஒரு தடவை வழுக்கினா அந்தக் காயம் ஆயுசுக்கும் இருக்கும். அந்த நட்டு தொலைஞ்சாலும் கஷ்டம், இன்ச்சுக்கு 20 மரை, கடைல கிடைக்கற சாதாரண போல்ட் சைஸ் எதுவும் ஒத்து வராது. துருவுக்கு நான் போட்டது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு பாகங்களை முக்கி வச்சேன். மணிக்கொருதரம் எடுத்து பிரஷ் போட்டுப் பாக்கணும், மறந்து ஒரு நாள் முழுக்க விட்டீங்கன்னா இரும்பு முகமே அரிச்சு சாம்பலாயிரும். எடுத்த உடனே சமையல் சோடாத் தண்ணில அலசி, ஹேர் டிரையர்ல காய வச்சு, எண்ணெய் தடவிடணும், அஞ்சு நிமிஷம் தாமதிச்சா கண்ணு முன்னாடியே மறுபடி துரு பூக்கும். பேட்டரி சார்ஜர் வச்சு எலக்ட்ராலிசிஸ் பண்றவங்களும் உண்டு. அதுல ரெண்டு விஷயம்: எதிர்முனையா எவர்சில்வர் வைக்கவே கூடாது, தண்ணில விஷமான குரோமியம் கலக்கும், அப்புறம் ஹைட்ரஜன் வாயு வரும்கறதால வெட்டவெளில பண்ணணும். இந்த இழைப்புளிக்கு நான் அதைப் பண்ணல, உள்ள அடிச்சிருக்கற கருப்பு ஜப்பானிங் பூச்சு உரிஞ்சு வந்துரும்னு பயம். அது நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைன்ல கரைச்சுப் பூசி அடுப்புல வேக வச்சது, நூறு வருஷம் தாங்கியிருக்கு.

அடிப்பக்கம் மட்டம் பண்ண, கனமான கண்ணாடி மேல 80 நம்பர் எமரி பேப்பர் ஒட்டி, அடில மார்க்கர் பேனாவால குறுக்குக் கோடு போட்டுட்டுத் தேய்ச்சேன். பிளேடை உள்ள இழுத்து வச்சு, பிளேடை மேலேருந்து அமுக்கிப் பிடிக்கற லீவர் கேப்பை வேலை செய்யற இறுக்கத்துலயே பூட்டிட்டுத்தான் தேய்க்கணும், ஏன்னா அந்த இறுக்கத்துல இரும்பு மயிரிழை அளவு வளையுது. மூக்கு, பிளேடு வாய்க்கு முன்பக்கம், குதிகால் இந்த மூணு இடத்துலயும் கோடு அழிஞ்சா போதும். கண்ணாடி மாதிரி மின்னணும்னு மணிக்கணக்கா தேய்க்கறது வீண் வேலை. பிளேடு 25 டிகிரில தீட்டினேன். இரும்பு முடிஞ்சுது, ரெண்டு சாயங்காலம்.

இனி கைப்பிடி.

டேப்பை உரிச்சுப் பாத்தேன். கழுத்துப் பக்கம், கீழேருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல சாய்வா ஒரு பிளவு. மேல பின்னாடி கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது சுத்தமா இல்லை. பழைய ஸ்டான்லி இழைப்புளி பத்து எடுத்தீங்கன்னா பாதிக்கு மேல இந்த ரெண்டு இடத்துலதான் உடைஞ்சிருக்கும், நான் சந்தைல பாத்த வரைக்கும் அப்படித்தான். கொம்பு எதுக்குன்னு கேட்டா, பிடிச்சுப் பாருங்க தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற கவட்டைத் தோல் மேல அது கவிஞ்சு உக்காரும், தள்ளும்போது கை மேல ஏறிப் போகாமத் தடுக்கும். கொம்பு உடைஞ்ச இழைப்புளில அரை மணி நேரம் வேலை செஞ்சா அந்த இடத்துல கொப்புளம் வந்துரும்.

அதே மாதிரி, இந்தக் கைப்பிடி மூணு விரலுக்குத்தான் அளவெடுத்தது. நாலு விரலையும் உள்ள திணிச்சுப் பிடிச்சுட்டு, கை வலிக்குது அமெரிக்கக்காரன் கை சின்னதான்னு கேக்கறவங்களைப் பாத்திருக்கேன். ஆள்காட்டி விரல் வெளில நீட்டி பிளேடு பக்கவாட்டுல சும்மா சாஞ்சிருக்கணும். அப்படிப் பிடிச்சா மணிக்கட்டு தானா நேராகும், இழைப்புளி போற திசையை அந்த விரல் காட்டிக் கொடுக்கும்.

ஏன் உடையுது? கீழ போட்டா உடையும், அது தெரிஞ்ச காரணம். தெரியாத காரணம் ஒண்ணு இருக்கு. கைப்பிடி நடுவுல மேலேருந்து கீழ வரை ஒரு கம்பி போகுது, மேல பித்தளை நட்டு, கீழ வார்ப்புல மரை. கைப்பிடியோட மரம் ரேகைக்கு, அதாவது நார் ஓடற திசைக்கு, குறுக்கா சுருங்கும், விரியும், எல்லா மரமும் அப்படித்தான். இங்க ஜனவரில ஹீட்டர் போட்டா வீட்டுக்குள்ள காத்து காஞ்சு போயிரும், கைப்பிடி உயரத்துல ஒரு துளி குறையும். நட்டு தளரும். திருப்பி இறுக்கலாம்னா, பல வருஷம் சுருங்கின கைப்பிடில கம்பி நீளம் அதிகமாயிருக்கும், நட்டு மரைல அடிமுட்டி நின்னுடும், இறுகின மாதிரி கைக்குத் தெரியும், ஆனா கைப்பிடி ஆடிக்கிட்டே இருக்கும். ஆடற கைப்பிடியை ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கற இரும்போட வச்சு தினம் தள்ளினா கழுத்து எத்தனை நாள் தாங்கும்? இதுக்கு வைத்தியம் ரொம்ப சின்னது: கம்பி முனையை அரத்தால ரெண்டு மில்லி ராவி விடணும், இல்ல நட்டுக்கு அடில ஒரு வாஷர் போடணும். உங்ககிட்ட பழைய இழைப்புளி இருந்தா இதைப் படிச்ச கையோட போயி கைப்பிடியை ஆட்டிப் பாருங்க. ஆடினா இன்னைக்கே சரி பண்ணுங்க, ஏன்னா அந்த நூறு வருஷ மரம் மறுபடி கிடைக்காது.

அந்த மரம் பிரேசில் ரோஸ்வுட். ரெண்டாம் உலகப்போர் வரைக்கும் ஸ்டான்லி கைப்பிடியெல்லாம் அதுலதான் வந்துச்சு. போர் சமயத்துல கெட்டி மரத்துல செஞ்சு கருப்புப் பெயின்ட் அடிச்சு அனுப்பினாங்க, பித்தளைக்கும் தட்டுப்பாடு, சக்கரத்தைக்கூட கெட்டி ரப்பர்ல செஞ்சாங்க. பிரேசில் ரோஸ்வுட்டை 1992-ல சைட்டிஸ்ங்கற ஒப்பந்தத்துல, அதாவது அழியற நிலைல இருக்கற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தத்துல, முதல் பட்டியல்ல சேத்துட்டாங்க, புலி இருக்கற அதே பட்டியல். அதனாலதான் நான் எப்பவும் சொல்வேன்: உடைஞ்சா முதல்ல ஒட்டப் பாருங்க. பிளவு புதுசா, சுத்தமா இருந்தா ஒட்டின இடத்துல நகம் வச்சாக்கூடத் தெரியாது. உடைஞ்ச முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்த மேடு பள்ளம்தான் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். ரோஸ்வுட் எண்ணெய் மரம், பசை பிடிக்காது, அதனால ஒட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அசிட்டோன் தொட்ட துணியால துடைச்சுட்டு எபாக்சி போடணும். சாய்வான பிளவை கிளாம்ப்ல பிடிக்க முடியாது, வழுக்கிட்டுப் போகும். கம்பிக்கு மெழுகு தடவி உள்ள விட்டு, அதே நட்டையே இறுக்கினா கைப்பிடியே தன்னைத் தானே பிடிச்சுக்கும். அந்தக் காலத்துல இங்கேயும் வஜ்ரப் பசைதான், நம்ம ஊர்ல பெரியப்பா சட்டில காய்ச்சுவாரே அதே பசை, மாட்டுத்தோல் கொதிக்கற நாத்தம் தெருமுனை வரை வரும்.

ஆனா என்னோடதுக்கு ஒட்டு வேலை ஆகல. பிளவுக்குள்ள வருஷக்கணக்கா எண்ணெய் ஊறி, மரம் உள்ளயே உதிரா இருந்துச்சு, விரலால நெருடினா பொடியா வந்துச்சு. ரெண்டு தடவை ஒட்டினேன், ரெண்டு தடவையும் விட்டுருச்சு. மனசு வரலதான், ஆனாலும் புதுசு செய்யறதுன்னு முடிவு பண்ணேன்.

என்ன மரம்? பெரியப்பாகிட்ட வீடியோ கால்ல சொன்னப்ப, "பழைய கட்டில் காலு ஒண்ணு கெடக்குல, ஈட்டி மரம், வைரம் பாஞ்சது, அனுப்பி விடட்டா?"ன்னார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சுது, அது ஆச்சியோட கட்டில். ஆனா வேண்டாம்னுட்டேன். ஈட்டி நம்ம ஊர் ரோஸ்வுட், அதுக்குத் தமிழ்நாட்டுல 1994-லயே தனிச் சட்டம் போட்டாங்க, சொந்தப் பட்டா நிலத்துல நிக்கற மரத்தைக்கூட அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு அது சொல்லுச்சு, 2017-லேருந்து சைட்டிஸ் ரெண்டாம் பட்டியல்லயும் இருக்கு. கட்டை மரமா கடல் தாண்ட விட்டா எந்தக் காகிதம், எந்த முத்திரைன்னு இருக்கு, அப்படியே சரியா இருந்தாலும் அந்தக் கட்டில் கால் அங்க இருக்கறதுதான் நியாயம்னு பட்டுச்சு. இங்க கிடைக்கற செர்ரி மரத்தை எடுத்தேன். நம்ம ஊர் வேங்கை அளவுக்கு கெட்டி இல்லை, ஆனா அரத்துக்கு நல்லா வழிவிடும், கைக்கு மெத்துனு இருக்கும், வெளிச்சம் படப்பட இளஞ்சிவப்புலேருந்து செம்மண் நிறத்துக்கு மாறிக்கிட்டே போகும்.

முதல் கைப்பிடியை மூணு நாள் செதுக்கினேன். பழைய துண்டுகளைப் பேப்பர்ல வச்சு வரைஞ்சு, கொம்பு இருந்த இடத்தை வேற ஒரு முழுசான கைப்பிடியைப் பாத்து நிரப்பி, பலகைல ஒட்டி அறுத்தேன். ரேகையை நான் கழுத்து வாக்குல நெட்டுக்கு வச்சேன். கழுத்துலதானே உடையுது, அங்க நார் நீளமா ஓடினா உடையாதுன்னு கணக்கு. மண்வெட்டிக் காம்பு, கோடரிக் காம்பு எல்லாம் அப்படித்தானே. பூட்டி வச்சு ஓக் பலகை ஒண்ணை இழைச்சேன், என்ன சுகம்! ரெண்டாவது வாரம் பெஞ்ச் ஓரத்துல கைப்பிடி லேசா இடிச்சுது, அவ்ளோதான், கொம்பு மட்டும் பட்டுனு தனியா கைல வந்துருச்சு.

அன்னைக்கு ராத்திரி, அங்க காலைல, பெரியப்பாவைக் கூப்பிட்டேன். போனைக் கிட்டக் கொண்டுபோயி உடைஞ்ச இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுப் பாத்தார்.

"ரேகை எந்தப் பக்கம்ல ஓடுது?"

"மேலேருந்து கீழ, பெரியப்பா. கழுத்து பலமா இருக்கணும்னு."

"பழசுல எப்படி இருக்கு? அத எடு."

எடுத்துக் காட்டினேன். உடைஞ்ச ரோஸ்வுட் துண்டு, இத்தனை நாள் கைல வச்சு வரைஞ்சிருக்கேன், அளந்திருக்கேன், ரேகையைப் பாக்கல. கைப்பிடியோட அடிப்பக்கத்துக்கு இணையா படுத்து ஓடுது.

"அவம் படுக்க வச்சிருக்காம்ல. நீ நிக்க வச்சிருக்க. கொம்பு குறுக்கு நார்ல நின்னா நிக்குமா? கழுத்துக்குத்தான் உள்ள கம்பி இருக்கே, கம்பி பாத்துக்கிடும். கம்பி போகாத எடத்துக்குத்தான நார் வேணும்?"

அவர் வாழ்நாள்ல ஸ்டான்லி இழைப்புளியைக் கைல தொட்டதில்லை. போன் திரைல பாத்து அரை நிமிஷத்துல சொல்லிட்டார். கழுத்துல ரேகை குறுக்கா இருக்கறது பலவீனம்தான், ஆனா அங்க கம்பி மேலேருந்து கீழ அமுக்கிப் பிடிச்சிருக்கு, அமுக்கினா மரம் எந்த வாக்குலயும் நல்லாத் தாங்கும். கொம்புக்கும் முன்னாடி நீட்டற பாதத்துக்கும் கம்பியோட துணை கிடையாது, அதுக்கு நீள நார்தான் பலம். அதனால படுத்து ஓடற ரேகை. அந்தக் கம்பி இறுக்கமா இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும், கம்பி தளர்ந்தா கழுத்து அநாதை. நட்டு தளர்றதும் கழுத்து பிளக்கறதும் ரேகை படுக்கறதும் ஒரே கணக்குங்கறது அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அந்த முதல் கைப்பிடியை அடுப்புல போடல, பட்டறைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன், ஆயுதம் பாக்க வரவங்களுக்கு எடுத்துக் காட்டறேன்.

ரெண்டாவது கைப்பிடிக்கு ஒரு இன்ச் தடிமன் செர்ரி. இந்தத் தடவை பேட்டர்னை வச்ச உடனே பென்சிலால ரேகைத் திசைல ஒரு அம்புக்குறி போட்டேன், அடிப்பக்கத்துக்கு இணையா. பேட்டர்ன்லயே அந்த அம்புக்குறி இப்ப நிரந்தரமா இருக்கு.

துளைதான் இதுல கஷ்டமான வேலை, அதை முதல்லயே பண்ணிடணும். கட்டை சதுரமா இருக்கும்போதே துளை போடணும், வளைவு அறுத்துட்டா அப்புறம் எங்கயும் நிமிந்து நிக்காது. கம்பி நேரா செங்குத்தா போறதில்லை, முன்னாடி சாஞ்சு போகுது, அந்தச் சாய்வை வார்ப்புல இருக்கற மரை முடிவு பண்ணும், நம்ம இஷ்டம் கிடையாது. நான் என்ன பண்ணேன்னா, கம்பியை வார்ப்புல திருகி நிக்க வச்சு, பக்கத்துல அட்டையைப் பிடிச்சு அதோட சாய்வைக் கோடா எடுத்துக்கிட்டேன். அந்தக் கோட்டைக் கட்டையோட ரெண்டு பக்கமும் வரைஞ்சு, கோட்டுக்குச் செங்குத்தா மேல கீழ ரெண்டு முனையையும் அறுத்து மட்டம் பண்ணேன். இப்ப டிரில் பிரஸ்ல நேரா நிக்கும். முதல்ல மேல நட்டு உக்கார்ற அகலமான குழி, அப்புறம்தான் முழு நீளத் துளை, வரிசை மாறினா அகல பிட்டுக்கு நடுமுனை ஊன்ற இடம் இருக்காது. என் பிட் நீளம் பத்தல, அதனால மேலேருந்து பாதி, கீழேருந்து பாதி. நடுவுல சந்திக்கும்போது ஒரு சின்ன படி விழுந்துச்சு, உருண்டை அரத்தால ராவிட்டேன். துளை கம்பியை விடக் கொஞ்சம் தாராளமா இருக்கறது நல்லது, மரம் அசைய இடம் வேணும். என்னோடது ஸ்டான்லி நம்பர் 5 மாடல்ங்கறதால கைப்பிடிப் பாதத்துல முன்னாடி இன்னொரு ஸ்க்ரூவும் உண்டு, நம்பர் 4 மாடலுக்கு அது கிடையாது. அந்தத் துளையைக் கடைசில, கைப்பிடியைப் பூட்டி வச்சு இடம் குறிச்சுட்டுப் போட்டேன்.

அப்புறம் வளைவு அறுத்து, மர அரத்தால உருட்ட ஆரம்பிச்சேன். இங்க ஒண்ணு கவனிங்க. பழைய கைப்பிடியை விளக்கு வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கும், முன் விளிம்பும் பின் விளிம்பும்தான் உருண்டை. அந்தத் தட்டைதான் கைக்கு, இழைப்புளி நேரா நிக்குதா சாஞ்சிருக்கான்னு சொல்லும். கண்ணை மூடிட்டுப் பிடிச்சாலும் தெரியும். முழுசா உருட்டிட்டா வழவழன்னு அழகா இருக்கும், ஆனா கைல துடுப்புக் கட்டை பிடிச்ச மாதிரி திசையே தெரியாது. ராவறது, பிடிச்சுப் பாக்கறது, ராவறது, பிடிச்சுப் பாக்கறது, அப்படியே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு. என் உள்ளங்கை சின்னது, அதனால கழுத்தைப் பழசை விட ரெண்டு மில்லி ஒடுக்கினேன். கொம்புக்கு அடில இருக்கற குழிவு என் கவட்டைல அட்டையா ஒட்டற வரைக்கும் விடல. கடைசில உப்புத்தாளை நீளமா கிழிச்சு, ஷூவுக்குப் பாலிஷ் போடற மாதிரி ரெண்டு கையாலயும் முன்னும் பின்னும் இழுத்தேன்.

காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் மூணு கோட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள், மேல கொஞ்சம் அரக்குப் பாலிஷ். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி குப்பைல போடாதீங்க, தயவுசெஞ்சு. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டி வச்ச துணி தானாவே தீப்பிடிக்கும், பட்டறையே எரிஞ்சு போன கதையெல்லாம் நிஜம். வெளில தரைல விரிச்சுப் போட்டுக் காய விட்டு அப்புறம் எறியுங்க.

முன்குமிழ் நல்லவேளை பொழச்சுது. அடி விளிம்புல நகக்கண் அளவு சில்லு போயிருந்துச்சு, அவ்ளோதான். உயரக் குமிழ் வந்தப்புறம்தான் அடி பிளக்கறது அதிகமாச்சு, அதைத் தடுக்க 1930 வாக்குல வார்ப்புலயே குமிழைச் சுத்தி ஒரு வளையம் எழுப்பினாங்க. குட்டைக் குமிழை நான் தொடவே இல்லை, துடைச்சு எண்ணெய் மட்டும் விட்டேன். பழைய ரோஸ்வுட் குமிழும் புது செர்ரி கைப்பிடியும் ஒண்ணோட ஒண்ணு நிறம் ஒத்துப் போகல. சாயம் பூசி ஒத்துப் போக வைக்கலாம்னு சிலர் சொன்னாங்க. எனக்கு அது வேண்டாம். எது பழசு எது நான் செஞ்சதுன்னு நாளைக்கு இதை வாங்கறவங்களுக்குத் தெரியணும்.

பழைய கைப்பிடியோட பக்கவாட்டுல, டேப்பை உரிச்சப்ப, ரெண்டு எழுத்து குத்தியிருந்ததைப் பாத்தேன். அந்தக் காலத்துத் தச்சர்கள் பட்டறைல ஆயுதம் மாறிப் போகாம இருக்க முதல் எழுத்தைக் குத்தி வைப்பாங்க. யாருன்னு தெரியாது. அந்தத் துண்டுகளைத் துணில சுத்தி, இழைப்புளி வச்சிருக்கற டிராயர்லயே வச்சிருக்கேன். புதுக் கைப்பிடியோட அடிப்பக்கத்துல, பூட்டினா மறைஞ்சு போற இடத்துல, பென்சிலால மரத்தோட பேரும் வருஷமும் எழுதிட்டுத்தான் நட்டை இறுக்கினேன்.

முதல் சுருள் பைன் மரத்துல வந்துச்சு. பலகை முழு நீளத்துக்கும் அறுபடாம, பேப்பர் மாதிரி, எதிர்ல இருக்கற ஜன்னல் அதுக்குள்ள மங்கலா தெரிஞ்சுது. வாய்க்குள்ள சிக்கல, பிய்யல. கை இருந்த இடம் கைக்கே தெரியல. வீடியோ எடுத்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன்.

அவர் சுருளைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். பூவரசங்கட்டை ஒண்ணு நல்லா காஞ்சது வச்சிருக்கறதாவும், அடுத்த இழைப்புளிக்கு அவரே கைப்பிடி செஞ்சு, டிசம்பர்ல ஊருக்கு வரப்ப குடுக்கறதாவும் சொன்னார். அவருக்கு எழுபத்தாறு வயசு, கை லேசா நடுங்குது, அதை அவரும் சொல்லல நானும் கேக்கல. பேட்டர்னை ஸ்கேன் பண்ணி அனுப்பறேன் பெரியப்பா, பிரின்ட் எடுக்கறப்ப அளவு நூறு சதவீதம்னு கடைல சொல்லிருங்கன்னேன்.

"அது கெடக்கட்டும். அது அவங் கைக்குப் போட்ட அளவு. ஒங் கை அளவு எங்க? கை அளவு தெரியாம கைப்பிடி எப்படில செய்ய?"

அதனால ஒரு வெள்ளைத் தாள்ல வலது கைய வச்சு, விரலைச் சுத்திப் பென்சிலால வரைஞ்சேன். மூணு விரல் மடக்கின நீளம் தனியா, கவட்டை அகலம் தனியா, மில்லிமீட்டர்ல. நேத்து தபால்ல போட்டிருக்கேன்.